வானம் பளிச்சுன்னு இருந்தாலும் கடல் இழுக்கும்: தனுஷ்கோடி, மணப்பாடு டூர் போகும் மதுரைக்காரர்கள் உஷார்!

மதுரை,

மதுரையில் கடல் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் 100 கிலோ மீட்டருக்கு மேல் ரோட்டில் போனால்தான் உப்புக்காத்து அடிக்கும். அதனாலேயே கடல் மேல் மதுரைக்காரர்களுக்கு ஒரு தனி ஆசை. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சா, சம்பளம் கைக்கு வந்தாச்சா, நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து விடுகிறார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு ராத்திரி கிளம்பினால் விடியும்போது ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு ரெயிலும் மறுபடி தீவுக்குள் போகிறது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஆனால் கடலைப் பார்த்ததும் "வானம் பளிச்சுன்னு இருக்கு, காத்தும் இல்ல, இறங்கு மாப்ள" என்று குதிப்பவர்கள்தான் அதிகம். வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிப்பது பெரிய தப்பு. காரணம் என்ன? அலை எங்கிருந்து வருகிறது? எந்தக் கரையில் எப்போது இறங்கலாம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

5 பேரை இழுத்த அலை

2024-ம் ஆண்டு மே மாதம் 6-ந்தேதி, திங்கட்கிழமை. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரை. நாகர்கோவிலில் நடந்த கல்யாணத்துக்கு வந்திருந்த மருத்துவ மாணவ-மாணவிகள் கடலைப் பார்க்க அங்கே போனார்கள்.

காலை நேரம். புயல் இல்லை, மழை இல்லை. கரையோரம் நின்றவர்களைத் திடீரென்று எழும்பி வந்த ராட்சத அலை இழுத்துக்கொண்டு போனது. 5 பேர் பலியானார்கள். நாலு உயிரைக் காப்பாற்றப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அந்தச் சமயத்தில் கடல் சீற்றம் பற்றி எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கையில் இருந்த பெயர்தான் 'கள்ளக்கடல்'.

அலை பிறப்பது எங்கே?

கம்மாயில் ஒரு கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலை கிளம்பும். கல் முழுகிய பிறகும் அந்த வட்டம் விரிந்துகொண்டே கரை வரைக்கும் வரும். கரையில் நிற்பவர் கல்லைப் பார்த்திருக்க மாட்டார். அலையை மட்டும்தான் பார்ப்பார். கடலிலும் இதே கதைதான். கல்லுக்குப் பதில் காற்று.

கடல் அலை 2 வகை. ஒன்று, கரைக்குப் பக்கத்தில் அடிக்கும் காற்று கிளப்புவது. இந்த அலை கசகசவென்று இருக்கும். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 5, 6 வினாடிதான் இடைவெளி. காற்று நின்றால் இதுவும் அடங்கிவிடும்.

இன்னொன்று, எங்கோ பல ஆயிரம் கி.மீ. தள்ளி அடித்த புயல் காற்று கிளப்பி விட்டது. அங்கே புயல் ஓய்ந்து போயிருக்கும். ஆனால் அது கிளப்பிய அலை நாள்கணக்கில் நடந்து நம்ம ஊர்க் கரைக்கு வந்து சேரும். இதில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 12 முதல் 20 வினாடி வரை இடைவெளி இருக்கும்.

இரண்டாவது வகைதான் ஆளை ஏமாற்றுவது. நடுக்கடலில் போகும்போது இது இருப்பதே தெரியாது. ஆழ்கடலில் 6 வினாடி அலை ஒன்றின் நீளம் சுமார் 55 மீட்டர். 18 வினாடி அலையின் நீளமோ சுமார் 500 மீட்டர். அதாவது அரை கிலோ மீட்டர். படகு லேசாக ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

கரை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். அலையின் அடிப்பக்கம் தரையில் உரசி வேகம் குறையும். பின்னால் வரும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். போக வழி இல்லாமல் தண்ணீர் மேலே எழும்பும். தண்ணீரின் ஆழம், அலை உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அலை உடைந்து விழும்.

ஒரு கன மீட்டர் கடல் நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. ஒரு டன்! இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஆள் மேல் அப்படிப் பல டன் வந்து விழுந்தால் எந்தப் பயில்வானும் நிற்க முடியாது.

டவுன் பஸ் வேகம், 8 நாள் பயணம்

இந்த அலைக்கூட்டம் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. இடைவெளி எத்தனை வினாடியோ, அதை 2.8-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 18 வினாடி அலை என்றால் மணிக்கு சுமார் 50 கி.மீ.

கிட்டத்தட்ட டவுன் பஸ் வேகம்தான். ஆனால் இந்த பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்காது. ராத்திரி, பகல் பார்க்காது. ஒரு நாளைக்கு 1,200 கி.மீ. ஓடும்.

2024-ல் நடந்ததும் இதுதான். ஏப்ரல் கடைசி வாரத்தில் தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலில், இந்தியக் கரையில் இருந்து சுமார் 10 ஆயிரம் கி.மீ. தள்ளி, ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அது தெற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் நகர்ந்தது. அங்கே கிளம்பிய அலைகள் மே 4-ந்தேதி வாக்கில் கேரளா, குமரிக் கரையைத் தொட்டன. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 8 நாள்.

அங்கே புயல் அடித்தபோது மதுரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இங்கே வானத்தைப் பார்த்து அதை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

லீவு நேரம் பார்த்து வரும் திருடன்

சொல்லாமல் கொள்ளாமல் திருடன் மாதிரி வருவதால் கேரள மீனவர்கள் இதற்கு 'கள்ளக்கடல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரையே 2012-ம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பும் ஏற்றுக்கொண்டது. மீனவர் வாயில் இருந்த வார்த்தை உலக விஞ்ஞானிகளின் வார்த்தை ஆகிவிட்டது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பூமியின் தெற்குப் பாதியில் காலங்கள் தலைகீழ். நமக்குக் கோடை என்றால் அங்கே குளிர்காலம் ஆரம்பம். நமக்கு ஏப்ரல், மே மாதம் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு. அண்டார்டிகாவைச் சுற்றி இருக்கும் தென்கடலில் அப்போதுதான் குளிர்காலப் புயல்கள் சூடு பிடிக்கும்.

கன்னியாகுமரியில் இருந்து நேர் தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரைக்கும் பெரிய நிலப்பரப்பு எதுவும் குறுக்கே இல்லை. தடுக்க ஆள் இல்லாத ரோடு அது. அதனால் கள்ளக்கடல் அதிகம் வருவது தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான்.

அதாவது மதுரையில் இருந்து வேன் வேனாகக் கிளம்பும் அதே நேரம்!

பெண் கடல், ஆண் கடல்

"அப்படின்னா ராமேசுவரம் அக்னி தீர்த்தத்துல மட்டும் கடல் குளம் மாதிரி கிடக்குதே, எப்படி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் ஜலசந்திக் கடல். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதை 'பெண் கடல்' என்றும், தெற்கே இருப்பதை 'ஆண் கடல்' என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஒன்று சாது. மற்றது முரடு.

வடக்குக் கடல் சாதுவாக இருக்கக் காரணம் உண்டு. ஒரு பக்கம் தமிழ்நாடு, மறு பக்கம் இலங்கை. தெற்கே ராமேசுவரம் தீவும், தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் வரை கிடக்கும் ராமர் பாலம் மணல் திட்டுகளும் மறித்துக்கொண்டு நிற்கின்றன. தெற்கே இருந்து வரும் பெரிய அலை உள்ளே நுழைய வழி இல்லை. ஆழமும் ரொம்பக் குறைவு. நம்ம வைகையில் மிஞ்சும் தண்ணீர் போய்ச் சேருவதும் இந்தப் பெண் கடலில்தான், ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம்.

ஆனால் சாது மிரண்டால் காடு கொள்ளாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது பெண் கடல் பொங்கும். அப்போது ஆண் கடல் கொஞ்சம் அடங்கி இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கதை மாறும். ஆண் கடல் ஆடும், பெண் கடல் அடங்கும்.

இந்த 2 கடலும் சேருகிற இடம்தான் தனுஷ்கோடி அரிச்சல்முனை. 2017-ல் அங்கே வரைக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது. பஸ், வேன் எல்லாம் முனை வரைக்கும் போகிறது. ரோட்டின் ஒரு பக்கம் அலை அடிக்கும், மறு பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒரே இடத்தில் நின்று 2 கடலையும் பார்க்கலாம்.

பார்க்கலாம். குளிக்கக் கூடாது. அரிச்சல் என்றால் அரிப்பு. பெயரே சொல்கிறது. காலுக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு போகும் இடம் அது. 2 பக்கத்து நீரோட்டமும் முட்டிக்கொள்ளும் முனை. குளிக்கத் தடை என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

இந்தக் கடலின் கோபம் தெரிய வேண்டுமானால் பழைய தனுஷ்கோடியைப் பார்த்தால் போதும். 1914 முதல் அங்கே துறைமுகப் பாலம் வரைக்கும் ரெயில் போனது. போட் மெயிலில் வந்து இறங்கியவர்கள் அப்படியே கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி இரவு அடித்த புயலில் எல்லாம் போச்சு. பாம்பனில் இருந்து வந்த ரெயில் 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. இன்றைக்கு மிச்சம் இருப்பது மாதா கோவில் சுவரும், இடிந்த ரெயில் நிலையமும்தான்.

மணப்பாட்டில் அலை ஏறி விளையாடுபவர்கள்

மதுரைக்காரர்கள் அலையைப் பார்த்து பயப்பட வேண்டும் என்றால், அதே அலையைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் சர்ஃபிங் வீரர்கள். பலகை மேல் ஏறி நின்று அலையில் சறுக்குபவர்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. தூரத்தில் இருக்கிறது மணப்பாடு. அமைதியான மீனவ ஊர். கடலுக்குள் மூக்கு நீட்டியது போல ஒரு மணல் மேடு. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். 1542-ல் புனித சவேரியார் வந்து தங்கிய குகையும் அங்கே இருக்கிறது. சின்ன ரோமாபுரி என்று ஊரைச் செல்லமாகச் சொல்வார்கள்.

இந்த மூக்குதான் மணப்பாட்டு அலையின் ரகசியம். தெற்கே இருந்து வரும் அலை மேட்டில் மோதி, வளைந்து, வரிசை பிடித்து ஒரு பக்கமாக உடைந்துகொண்டே போகும். மொத்தமாக மடாரென்று விழாமல் இப்படி ஓரத்தில் இருந்து உடைந்துகொண்டு போகும் அலைதான் சறுக்குபவர்களுக்கு அல்வா.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கு. அதில் 2 தீவுகள் மூழ்கிவிட்டன. இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையைப் பாதியிலேயே உடைத்துவிடும். அதனால் அந்தக் கரையோரம் அலை குறைவு. மணப்பாடு இந்தத் தீவு வரிசைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே தடுப்புச்சுவர் இல்லை. அலை நேராக வரும்.

சர்ஃபிங் என்றால் வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சென்னை அருகே கோவளத்தில் மீனவர் வீட்டுப் பையன்களே இதில் வீரர்களாகவும், பயிற்சியாளர்களாகவும் இருக்கிறார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாக சர்ஃபிங் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தது. அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார்.

தண்ணீரில் இறங்கும் முன் என்ன பார்க்கிறார்கள்?

கடலில் பழகிய இந்த வீரர்கள் வந்தவுடன் குதிப்பது இல்லை. கரையில் நின்று முதலில் வேடிக்கை பார்க்கிறார்கள். கால் மணி, அரை மணி நேரம் கூடப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது 4 விஷயம்.

ஒன்று, அலையின் உயரம். இரண்டு, இடைவெளி. ஒரு அலை உடைந்ததில் இருந்து அடுத்தது உடையும் வரை எத்தனை வினாடி என்று எண்ணுவார்கள். ஒரே உயரம் என்றாலும் 6 வினாடி அலை வேறு, 15 வினாடி அலை வேறு. இரண்டாவதில் தண்ணீரும் அதிகம், இழுப்பும் அதிகம்.

மூன்று, காற்று. அதிகாலையில் கரையில் இருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசும். அப்போது அலை சீவி விட்டது போல சுத்தமாக இருக்கும். வெயில் ஏறினால் கடல்காற்று திரும்பி அலையைக் கலைத்துவிடும். நாலு, தரை. அடியில் மணலா, பாறையா, எங்கே பள்ளம் என்று பார்ப்பார்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. தூரத்தில் இருந்து வரும் அலை தனித்தனியாக வராது. கோஷ்டியாக வரும். பெரிய அலை நாலைந்து வரிசையாக வந்து அடிக்கும். பிறகு சில நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும். மறுபடியும் அடுத்த கோஷ்டி வரும்.

வேனில் இருந்து இறங்கிய குடும்பம் பார்ப்பது அந்த சாதுவான சில நிமிடத்தைத்தான். "அலையே இல்லையே" என்று பிள்ளைகளை இறக்கி விடுவார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். அடுத்த கோஷ்டி வரும்போது திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

அலை இல்லாத இடம்தான் ஆபத்து

இன்னொரு ஏமாற்று வேலையும் கடலுக்குத் தெரியும்.

அலை அலையாகக் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? எங்கே மணலில் பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக வாய்க்கால் மாதிரி உள்ளே பாயும். மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். இது கரையில் இருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்.

இந்த வாய்க்கால் இருக்கும் இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. 2 பக்கமும் வெள்ளை நுரை அடிக்கும். நடுவில் மட்டும் தண்ணீர் கருத்து, அமைதியாகத் தெரியும். "அப்பா, இங்க அலை கம்மியா இருக்கு, இங்க குளிப்போம்" என்று பிள்ளைகள் கை காட்டுவது சரியாக அந்த இடத்தைத்தான்!

கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் எதன் பக்கத்திலும் இந்த இழுப்பு இருக்கும். படகு கட்டும் பாலம், கல்லைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு, பாறை முனை என்று எதுவாக இருந்தாலும் சரி. கரையோரமாக ஓடி வரும் நீரோட்டம் அதில் முட்டி, ஓரமாகவே கடலுக்குள் திரும்பிவிடும். நிழலாக இருக்கிறது என்று பாலத்தடியில் குளிப்பதும், தூண்டில் வளைவுக் கல்லில் ஏறி செல்பி எடுப்பதும் வினையை விலை கொடுத்து வாங்குவதுதான்.

இந்த இழுப்பு வினாடிக்கு 2 மீட்டர் வரைகூடப் போகும். ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீந்தும் உலக சாம்பியனுக்கே 46 வினாடி ஆகிறது. அவரும் வினாடிக்கு 2 மீட்டர்தான். "கம்மாயிலயும் கிணத்துலயும் நீந்தாததா?" என்று கேட்கிற நம்ம ஆள் இதை எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியுமா?

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

நீரோட்டம் ஆளைக் கீழே அமுக்குவது இல்லை. கடலுக்குள் தூரமாகத்தான் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள்.

அதனால் முதலில் பதறக் கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சு விட வேண்டும். கையைத் தூக்கி ஆட்டி உதவி கேட்க வேண்டும். அந்த வாய்க்கால் பெரும்பாலும் குறுகலாகத்தான் இருக்கும். முடிந்தால் கரைக்குப் பக்கவாட்டில், இணையாக நீந்தி அதை விட்டு வெளியே வர வேண்டும். பிறகு அலை உடையும் பக்கமாக, அலையோடு சேர்ந்து சாய்வாகக் கரைக்கு வரலாம்.

கரையில் நிற்பவர்கள் உடனே பின்னால் குதிக்கக் கூடாது. தம்பியைக் காப்பாற்ற அண்ணன், பிள்ளையைக் காப்பாற்ற அப்பா என்று ஒருவர் பின் ஒருவராக இறங்கி எல்லோரும் போன சம்பவங்கள் உண்டு.

மிதக்கும் பொருளைத் தூக்கி எறிய வேண்டும். வேனில் இருக்கும் காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று போதும். வாயை இறுக்கி மூடிக் கொடுத்தால் ஒரு பெரிய ஆளைத் தலை மூழ்காமல் தாங்கும். கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது. பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிட வேண்டும். அவர்களுக்குத்தான் அந்தக் கடல் தெரியும்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். 108-க்குப் போன் அடிக்க வேண்டும். அவசர உதவிக்கு 112. கடலோரப் பாதுகாப்பு போலீசுக்கு 1093.

கூண்டு ஏறாது, மெசேஜ்தான் வரும்

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நம்ம ஆட்கள் டூரைத் தள்ளிப் போடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கூண்டு புயல், காற்றழுத்தத் தாழ்வு போன்றவற்றுக்காக ஏற்றப்படுவது. 10 ஆயிரம் கி.மீ. தள்ளி அடிக்கும் புயலின் அலைக்காக அது ஏறாது.

கள்ளக்கடலைக் கண்காணிப்பது ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம். மத்திய அரசு நிறுவனம். 1999-ல் தொடங்கப்பட்டது. கடலில் மிதவைகளையும் செயற்கைக்கோளையும் வைத்து அலையைப் பார்க்கிறார்கள். தூரத்து அலை கரையில் எப்போது மோதும் என்று சொல்லும் கள்ளக்கடல் முன்னறிவிப்பு 2020 முதல் வருகிறது. மாவட்ட நிர்வாகமும், மீன்வளத்துறையும் அதை மக்களுக்குச் சொல்கின்றன.

"நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று செய்தியில் வந்தால் அது கன்னியாகுமரி மாவட்டக் கரை என்று அர்த்தம். தூத்துக்குடி, நெல்லை, ராமநாதபுரம் மாவட்டக் கரைகளுக்கும் இப்படி ஊர் பெயர் சொல்லி எச்சரிக்கை வரும். அதில் அலையின் உயரமும், எத்தனை மணி வரை என்பதும் இருக்கும்.

உயரம் ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால் "இவ்வளவுதானா?" என்று அலட்சியம் செய்ய வேண்டாம். தூரத்து அலையில் ஒன்றரை மீட்டர் என்பது கரைக்கு வரும்போது இன்னும் எழும்பும்.

கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள்

வண்டி எடுக்கும் முன் போகிற மாவட்டத்துக்குக் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் பாருங்கள். இருந்தால் கோவிலைக் கும்பிட்டு, கடலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கரைக்குப் போனதும் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கடலைக் கவனியுங்கள். அலைக்கு அலை எத்தனை வினாடி என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். விளையாட்டு மாதிரியும் இருக்கும், விஷயமும் தெரியும். 10 வினாடிக்கு மேல் போனால் காலை நனைக்கக்கூட யோசியுங்கள்.

உள்ளூர் மீனவர் யாராவது நின்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, அந்தப் பக்கம் இறங்காதீக" என்று அவர் சொன்னால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். சேலை, வேட்டி நனைந்தால் கனம் கூடி இழுக்கும். குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியது இல்லை. சின்னப் பிள்ளைகள் கையை விடக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டக் கூடாது.

கடலை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள் அதை ஆத்தா என்று கும்பிடுகிறார்கள். ஆனாலும் எச்சரிக்கை வந்தால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள். நாள் பூரா கடலில் கிடப்பவர்களே இறங்காத அன்றைக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை போகிற மதுரைக்காரர்கள் இறங்கலாமா?

கடல் எங்கேயும் போகாது. அடுத்த லீவுக்கும் அங்கேதான் இருக்கும். வேனில் போன அத்தனை பேரும் ஊர் திரும்ப வேண்டும். அதுதான் முக்கியம்.